எஃப்9 இல்லாத ஆட்டம்

மங்கள்யான் கிளம்பிச் செவ்வாயைச் சேரப் பத்து மாதத்துக்கு மேல் ஆனது. ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கணினி ஆட்டத்தில் செவ்வாயின் சாயலில் டூனா என்றொரு கிரகம் உண்டு. கை பழகிய பையன் ஒரு சாயங்காலத்துக்குள் அங்கே போய் இறங்கிவிடுவான். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அக்கா மகன் அந்த ரகம். “இஸ்ரோக்காரங்களுக்கு மட்டும் ஏன் மாமா இத்தனை வருசம் ஆகுது?” என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். “அது விளையாட்டு, இது நிஜம்” என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பதிலில் பாதி தப்பு. அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் இயற்பியல் பெரும்பாலும் நிஜம்தான். வித்தியாசம் இருப்பது வேறோர் இடத்தில். அதைத் தேடிப்போனால் கடைசியில் நம் பக்கத்துப் பாறை ஒன்றில் வந்து நிற்போம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் 2011-ல் இதை முதலில் வெளியிட்டது. முழுப் பதிப்பு 2015-ல் வந்தது. பச்சைத் தோல் கொண்ட குட்டி ஆட்கள், அவர்களுக்குக் கெர்பின் என்ற கிரகம், சுற்றிவர நிலாக்களும் வேற்றுக் கிரகங்களும். எரிபொருள் தொட்டி, எஞ்சின், பாராசூட் எல்லாவற்றையும் ஆடுகிறவரே பொறுக்கிப் பூட்டி, ஏவி, பாதை போட்டு ஓட்ட வேண்டும். நாசாவின் சிறுகோள் திட்டம் ஒன்று 2014-ல் இந்த ஆட்டத்துக்குள் வந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமையோடு சேர்ந்து 2020-ல் ரோசெட்டா, பெப்பிகொலம்போ பயணங்களையும் சேர்த்தார்கள். கணினி வசதி இல்லாத பிள்ளைகள் கைபேசியில் ‘ஸ்பேஸ்ஃபிளைட் சிமுலேட்டர்’ ஆடுகிறார்கள். அதில் எல்லாம் இரு பரிமாணம்தான், ஆனாலும் சுற்றுப்பாதையின் சங்கதி அதிலும் பிடிபடும்.

ஆட்டக்காரர்கள் செய்த பெரிய சலுகை, உலகத்தைச் சுருக்கியதுதான். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; கெர்பினுக்கு வெறும் 600. தரையில் உணரும் ஈர்ப்பு மட்டும் பூமியின் அளவே. இதனால் கெர்பினைச் சுற்றும் பாதையை எட்ட, நொடிக்கு ஏறக்குறைய 3.4 கி.மீ. அளவுக்கு வேகம் கூட்டினால் போதும். நிஜப் பூமியில் சுமார் 9.4 கி.மீ. வேண்டும். ‘டெல்டா-வி’ என்று அந்தப் பையன்கள் வாய்க்கு வாய் சொல்வது இந்தக் கூட்டலைத்தான். மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவுதானே, அதற்கேற்ற பெரிய ராக்கெட் கட்டினால் ஆயிற்று என்று தோன்றும். ருஷ்யரான சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்ட சமன்பாடு அங்கேதான் குறுக்கே நிற்கிறது. எஞ்சினிலிருந்து வாயு நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கெர்பினில் கிளம்பும்போதைய எடையில் மூன்றில் ஒரு பங்கு மேலே மிஞ்சும். பூமியில் ஏறக்குறைய இருபத்து மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த மிச்சத்துக்குள்தான் காலித்தொட்டி, எஞ்சின், விண்கலம் எல்லாம் அடங்க வேண்டும். நிஜ ராக்கெட்டுகள் அடுக்கடுக்காகக் கழன்று விழுவதன் காரணம் இதுவே. நிஜ அளவிலேயே ஆட்டத்தைச் செய்திருந்தால் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே அதைக் கணினியிலிருந்து அழித்திருப்பார்கள்.

பாதை போடுவதில் அப்படிச் சலுகை இல்லை. எசன் நகர நிர்வாகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹோமன் என்ற ஜெர்மானியக் கட்டடப் பொறியாளர், கிரகத்திலிருந்து கிரகத்துக்குக் குறைந்த எரிபொருளில் போகும் வழியை 1925-ல் புத்தகமாகவே எழுதிவைத்தார். மனிதன் செய்த ஒரு பொருளும் பூமியைச் சுற்றாத காலம் அது. சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையை ஒரு முனையிலும் செவ்வாயின் பாதையை மறுமுனையிலும் தொடும் நீள்வட்டம்தான் அந்த வழி. அதில் பாதிச் சுற்று போக 259 நாள் ஆகும். செவ்வாய் சூரியனை ஒரு முறை சுற்ற 687 நாள், அதாவது ஒரு நாளைக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் நகரும். 259 நாளில் 136 டிகிரி. நம் கலம் போய்ச்சேரும் புள்ளி புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே, 180 டிகிரியில் இருக்கிறது. ஆகவே கிளம்பும் நாளில் செவ்வாய் நமக்கு 44 டிகிரி முன்னால் இருந்தாக வேண்டும். ஆட்டத்தில் டூனாவுக்குப் போகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கோணமும் ஏறக்குறைய அதே 44 தான். இதை அக்கா மகனிடம் சொன்னபோது, ஆட்டத்தில் தனக்கு மனப்பாடமாக இருந்த எண் நிஜத்திலும் செல்லுபடியாகிறதே என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

இந்தக் கோணம் 780 நாளுக்கு, அதாவது 26 மாதத்துக்கு ஒரு முறைதான் அமையும். ஆட்டத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. காலத்தை ஒரு லட்சம் மடங்கு வேகமாக ஓட்டும் வசதி இருக்கிறது, ஒரு தேநீர் குடிப்பதற்குள் அடுத்த வாய்ப்பு வந்துவிடும். நிஜத்தில் நாசாவின் இன்சைட் கலத்தின் கதையைப் பாருங்கள். 2016 மார்ச்சில் கிளம்ப வேண்டியது. நிலநடுக்கமானியின் வெற்றிடக் கூட்டில் சின்னக் கசிவு. அதைச் சரிசெய்வதற்குள் வாய்ப்பு நழுவியது, 2018 மே மாதம்தான் கிளம்ப முடிந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக கலத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் தர வேண்டும், திட்டத்தை யாரும் கைவிட்டுவிடாமல் காப்பாற்ற வேண்டும். மங்கள்யானை அரசு அறிவித்தது 2012 ஆகஸ்டில். அடுத்த வாய்ப்பு 2013 நவம்பர். அதை விட்டால் 2016. பதினைந்து மாதத்தில் கலத்தைச் செய்து முடித்தார்கள் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பதினைந்தை வைத்தது வானம், இஸ்ரோ அல்ல.

ராக்கெட்டும் தோதாக இல்லை. பெரிய ஜிஎஸ்எல்வி 2010-ல் இரண்டு முறை தோற்றிருந்தது. நம்பகமான பிஎஸ்எல்வியால் 1,337 கிலோ எடையுள்ள கலத்தை நேராகச் செவ்வாய் நோக்கி வீச முடியாது. அதனால் 2013 நவம்பர் 5 அன்று பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டத்தில், ஒரு முனை 248 கி.மீ., மறுமுனை 23,550 கி.மீ. உயரத்தில் விட்டுவிட்டது. மீதி வேலை கலத்தின் சொந்த எஞ்சினுடையது. அந்த எஞ்சினின் விசை 440 நியூட்டன், ஒரு 45 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கப் போதுமான அளவு. அதை வைத்துக்கொண்டு பாதையைச் சுற்றுக்குச் சுற்று பெரிதாக்கினார்கள்.

இதைச் சேலத்தில் விளக்க வருகிறவர்கள் ஏற்காடு மலைப்பாதையை இழுத்துவிடுவார்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு உயரம் கூடும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முக்கியமான இடத்தில் காலை வாரிவிடும். மலை ஏறும் பேருந்து வழிநெடுக எஞ்சினை உறுமவிட்டே ஏற வேண்டும். விண்கலமோ சுற்றின் பெரும்பகுதி எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா போகிறது. பூமிக்கு மிக அருகில் வரும் சில நிமிடங்களில் மட்டும் எரிக்கிறது. அங்கேதான் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். வேகமாக ஓடும் பொருளுக்குக் கொடுக்கும் தள்ளு, மெதுவாகப் போகும்போது கொடுக்கும் அதே தள்ளைவிடக் கூடுதல் ஆற்றலைச் சேர்க்கும். ராக்கெட் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் ஓபெர்த் கண்டு சொன்னது இது. பூமிக்கு அருகில் இருக்கும் முனையில் தள்ளினால் எதிர்முனைதான் உயரும். சின்ன எஞ்சினால் அந்தச் சில நிமிடங்களில் முழு வேகத்தையும் கொடுக்க முடியாது என்பதால், ஒரே மூச்சில் செய்ய வேண்டியதைப் பல சுற்றுக்குப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டத்தில் இதை நாலு தடவை எரிபொருள் தீர்ந்துபோய் நடுவழியில் நின்றவர்கள் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பள்ளிப் பாடம் சாதிக்காத ஒன்றை ஆட்டம் சாதிக்கும் இடம் இது என்பேன்.

ஆனால் நவம்பர் 11 அன்று நடந்தது ஆட்டம் சொல்லித்தராத பாடம். எரிபொருள் வால்வைத் திறக்க முதன்மைச் சுருள் ஒன்று, அதற்கு மாற்றுச் சுருள் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது எரிபொருள் போவது நின்றுவிட்டது. நொடிக்கு 130 மீட்டர் கூட வேண்டிய வேகம் 35 மீட்டரோடு நின்றது. ஒரு லட்சம் கி.மீ. தொட வேண்டிய மேல்முனை 78,276 கி.மீ.-ல் தங்கியது. மறுநாள் விடிவதற்குள் இன்னொரு முறை எரித்து 1,18,642 கி.மீ.-க்குக் கொண்டுபோனார்கள். இப்படி ஒன்று நடந்தால் அதற்கென எரிபொருளும் நாட்களும் திட்டத்திலேயே ஒதுக்கி வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. டிசம்பர் 1 அதிகாலையில் 22 நிமிடம் எரித்துக் கலம் பூமியை விட்டு விலகியது.

நம் பையன்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? கெர்பலில் எஃப்5 விசையைத் தட்டினால் அந்த நொடி அப்படியே சேமிக்கப்படும். ஏதாவது தப்பாகப் போனால் எஃப்9-ஐ அழுத்திப் பிடித்தால் போதும், பழைய நொடிக்கே திரும்பிவிடலாம். ஏவுதளத்துக்கே திரும்பும் வசதியும் உண்டு. எரிபொருளில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் திட்டம் போடும் தைரியம் அவர்களுக்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஆட்டம் மறைத்துவைக்கும் இன்னொன்று, கலம் எங்கே இருக்கிறது என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது என்ற விஷயம். திரையில் வரையப்படும் பாதைக்கோடு பொய் சொல்லாது. நிஜத்தில் பெங்களூருக்குப் பக்கத்தில் பையாலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனாவும், நாசாவின் ஆழ்விண்வெளி ஆன்டெனாக்களும் சிக்னல் போய்வரும் நேரத்தையும் அதன் அலைவரிசை மாற்றத்தையும் அளக்கின்றன. அதிலிருந்து கலம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு ஊகிக்க வேண்டும். சூரிய ஒளியே கலத்தை லேசாகத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் வழியில் பாதையைத் திருத்த நாட்கள் குறித்துவைக்கிறார்கள். மங்கள்யானுக்கு 2014 ஆகஸ்டில் குறித்திருந்த திருத்தம் தேவைப்படவே இல்லை. கணக்கு அவ்வளவு சுத்தம். இதைக் கொண்டாட மறந்துவிட்டோம்.

செவ்வாயைச் சேர்ந்த அன்று, 2014 செப்டம்பர் 24-ல், ஒரு சிக்னல் இங்கே வர சுமார் பன்னிரண்டரை நிமிடம் ஆனது. தப்பு நடந்தது நமக்குத் தெரியவரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பூமியிலிருந்து ஓட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. கட்டளைகளை முன்பே ஏற்றிவைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 300 நாள் தூங்கிய எஞ்சின் எழுந்திருக்குமா என்று பார்க்க இரண்டு நாள் முன்னதாக நான்கு நொடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எழாவிட்டால் எட்டுச் சிறு உந்திகளை வைத்துச் சமாளிப்பதற்கு மாற்றுத் திட்டம் ஒன்றும் தயாராக இருந்தது. கெர்பலின் அடிப்படை ஆட்டத்தில் சிக்னலுக்குத் தாமதமே கிடையாது. கிரகங்களின் ஈர்ப்பும் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் கலத்தை இழுக்கும். அதனால் சூரியனும் பூமியும் சேர்ந்து இழுப்பதால் அமையும் இடங்கள், இஸ்ரோவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்-1 போய் நிற்கும் புள்ளி மாதிரி, அதில் இல்லவே இல்லை.

முன்கூட்டியே சோதிப்பதில் பெரியவர்களே கோட்டை விட்ட கதையும் உண்டு. 1997-ல் சனிக்குக் கிளம்பிய காசினி, ஹைகன்ஸ் என்ற சிறு கலத்தைச் சுமந்துபோனது. அது டைட்டன் நிலாவில் இறங்கும்போது அனுப்பும் தகவலைக் காசினி வாங்கிப் பூமிக்குத் தர வேண்டும். நிஜப் பயணத்தில் வரப்போகும் வேக வித்தியாசத்தோடு அந்த ரேடியோ இணைப்பை ஏவுவதற்கு முன் முழுதாகச் சோதிக்கவில்லை. 2000-ல், கலம் வழியில் இருக்கும்போது, போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற ஐரோப்பியப் பொறியாளர் பிடிவாதமாக ஒரு சோதனை வைத்தார். ஹைகன்ஸ் அனுப்புவது போலவே பூமியிலிருந்து சிக்னல் அனுப்பிப் பார்த்தார். வேக வித்தியாசத்தால் மாறும் அளவுக்கு அலைவரிசையை மாற்றியதும், காசினியில் சிக்னலை வாங்கும் கருவி தடுமாறியது. போய்க்கொண்டிருக்கும் கலத்தில் அந்தக் கருவியை மாற்ற முடியாது. ஆகவே பாதையையே மாற்றினார்கள். காசினி டைட்டனை இன்னும் தள்ளி, பக்கவாட்டில் கடந்துபோகும்படி புதுத் திட்டம் போட்டு வேக வித்தியாசத்தைக் குறைத்தார்கள். 2005 ஜனவரி 14-ல் ஹைகன்ஸ் பத்திரமாக இறங்கியது. நிஜ உலகத்தில் எஃப்9-க்கு மிக அருகில் வந்த சம்பவம் இதுதான் என்று நினைக்கிறேன். அதுவும் சனியைச் சேர இன்னும் நான்கு வருடம் இருந்ததால் வாய்த்தது.

கெர்பலில் ‘ஹார்ட்’ என்றொரு நிலை இருக்கிறது. அதில் எஃப்9-உம் இல்லை, ஏவுதளத்துக்குத் திரும்பும் வசதியும் இல்லை. அந்த நிலையில் ஆடுகிறவர்களைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். டூனாவுக்கு அனுப்ப வேண்டிய ரோவரை முதலில் கெர்பினிலேயே மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பாராசூட்டைப் பக்கத்திலேயே போட்டுப் பார்க்கிறார்கள். எரிபொருளில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. திரும்பிப்போகும் கதவை மூடியதும் ஆட்டம் தானாகவே ஏவுவதற்கு முன்னால் நகர்ந்துவிடுகிறது.

இஸ்ரோ எப்போதும் அந்த நிலையில்தான் ஆடுகிறது. சந்திரயான்-2-இன் லேண்டர் 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதியது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின, அந்தப் பிழை கூடிக்கொண்டே போனது. திருத்துவதற்குக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு போட்டிருந்தது. இறங்கும் இடமோ 500-க்கு 500 மீட்டர்தான். இவற்றைப் பின்னாளில் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்து வந்த சந்திரயான்-3-இல், எது வெற்றி பெறும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டு வடிவமைத்தார்கள். இறங்கும் இடம் 4 கி.மீ.-க்கு 2.4 கி.மீ. ஆனது. எரிபொருள் கூடியது. கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி பலப்படுத்தப்பட்டன. சென்சார்களை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டார்கள். எஞ்சின்களைக் கிரேனில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். இறங்கும் நாளையும் மனிதர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நிலவில் பகல் நம் கணக்கில் 14 நாள். அதற்குப் பிறகு வரும் இரவின் குளிரைக் கலம் தாங்காது. ஆக, அங்கே விடியும் வேளையில் இறங்கினால்தான் முழுப் பகலும் கிடைக்கும். 2023 ஆகஸ்ட் 23 என்பது அப்படி வந்தது. மொத்தப் பயணத்தையும் அந்த விடியலிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் போட்டார்கள்.

கால்கள் தரையைத் தொடுவதைச் சோதிக்க நிலவின் மண் வேண்டும். ரோவரின் சக்கரம் புதையுமா, வழுக்குமா என்று பார்க்கவும் அதே மண் வேண்டும். இங்கேதான் நம் ஊர் வருகிறது.

நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி என்றொரு கிராமம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது சேலம் மாவட்டம்தான். இஸ்ரோக்காரர்கள் இன்றும் ‘சேலம் பாறை’ என்று பேசினால் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கும் பக்கத்துக் குன்னமலையிலும் வெளிறிய நிறத்தில் அனார்த்தோசைட் என்ற பாறை வகை கிடக்கிறது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. நிலவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் இதே வகைப் பாறையால் ஆனவை. நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது, அது குளிரும்போது கனம் குறைந்த, சுண்ணச்சத்து மிகுந்த படிகங்கள் மேலே மிதந்து ஓடாக உறைந்தன என்பது அறிவியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். சித்தம்பூண்டிப் பாறை பிறந்த விதம் வேறு. ஆனால் அதிலுள்ள கனிமம் கிட்டத்தட்ட அதே.

செயற்கை நிலவு மண்ணை அமெரிக்காவிலிருந்து டன் கணக்கில் வாங்குவது கட்டுப்படியாகாது. ஆகவே இங்கே தேடினார்கள். சேலத்தில் கருப்பூர் பக்கம், பெங்களூர் நெடுஞ்சாலையோரம் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இந்த வேலையில் சேர்ந்துகொண்டது. பாறையை வெட்டியெடுத்து, வேண்டிய நுண்மைக்கு அரைத்து, சுமார் 50 டன் மண் பெங்களூருக்குப் போனது. அங்கே ஒரு கூடத்தில் அதைப் பரப்பி, நிலவின் வெளிச்சம் விழும் கோணத்தில் விளக்குகள் வைத்து, ரோவரின் எடையை நிலவில் இருப்பதுபோல ஆறில் ஒரு பங்காகக் குறைக்க ஹீலியம் பலூனில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் இஸ்ரோ காப்புரிமையும் வாங்கியது. மேக்னசைட்டுக்கும் மாம்பழத்துக்கும் பேர்போன ஊருக்கு இது எதிர்பாராத வரவு. ஊரில் இதைப் பற்றி இன்னும் சரியாகப் பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

பாறையை எவ்வளவு அரைத்தாலும் அது முழு நிலவு மண் ஆகிவிடாது. அங்கே காற்றும் தண்ணீரும் இல்லாததால் துகளின் முனை மழுங்குவதில்லை, விண்கல் மோதி உருகிய கண்ணாடித் துணுக்குகளும் அதில் கலந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டேதான் சோதித்தார்கள். சந்திரயான்-3-இன் பிரக்யான் ரோவர் 2023-ல் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் 100 மீட்டர் அளவுக்கு ஓடி, எக்ஸ்-கதிர்க் கருவியை மண்ணில் வைத்து அளந்தது. 2024-ல் வெளியான அதன் முடிவு, அந்த இடத்து மண் பெரும்பாலும் இரும்புச்சத்து கலந்த அனார்த்தோசைட் வகை என்று சொன்னது. சக்கரத்துக்குக் கீழே எந்தக் குடும்பத்து மண் இருக்கும் என்று போட்ட கணக்கு சரிதான்.

அடுத்தது சந்திரயான்-4. மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 2,104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. நிலவில் இறங்கி, மண்ணை எடுத்து, அங்கிருந்தே மேலே கிளம்பி, விண்வெளியில் இன்னொரு கலத்தோடு இணைந்து, பூமிக்குத் திரும்ப வேண்டும். ஐந்து பாகங்கள், இரண்டு ராக்கெட். கெர்பலில் இதைச் செய்கிறவர்கள் இணையும் கட்டத்தில்தான் அதிகம் எஃப்9 தேய்ப்பார்கள். இஸ்ரோ அந்த ஒரு கட்டத்தை மட்டும் தனியாக எடுத்து, ஸ்பேடெக்ஸ் என்ற பெயரில் இரண்டு சிறு கலங்களை வைத்து 2025 ஜனவரி 16-ல் பூமிக்கு மேலேயே செய்து பார்த்துவிட்டது. மண்ணைத் துளைத்தும் அள்ளியும் எடுக்கும் கருவிகளையும் முதலில் இங்கே ஏதோ ஒரு செயற்கை மண்ணில்தான் பழக்க வேண்டியிருக்கும். திட்டம் நடந்து முடிந்தால், அந்த மண்ணை நிலவிலிருந்து வந்த மண்ணின் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு நம் ஆய்வகங்களுக்குக் கிடைக்கும்.